கன்னி மூலை

கடப்பாரை வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

அவள் ஓங்கிக் குத்தக்கூட இல்லை. பள்ளத்துக்குள் நின்றபடி சும்மா ஊன்றினாள். இழுத்தபோது நுனியில் கறுப்புச் சேறு வந்தது. கூடவே கிழிந்த பிளாஸ்டிக் பை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மண் பரிசோதனை செய்து கையெழுத்துப் போட்ட இன்ஜினீயர் அவள்தான். அவள் துளை போட்டுப் பார்த்தது பள்ளிக்கூடத்து வாசல் பக்கம். பத்தடியில் பாறை தட்டிய இடம். தண்ணீர்த் தொட்டிக்கு இவர்கள் அஸ்திவாரம் தோண்டியிருப்பதோ பின்பக்கம், தென்மேற்கு மூலையில். ஊருணியாக இருந்ததைக் குப்பை கொட்டித் தூர்த்த மூலை.

கம்பி கட்டி முடித்தாயிற்று. மேலே கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. சித்தாள்கள் சட்டியோடு நின்றார்கள்.

இதென்ன கூத்து என்று கேட்டால் பஞ்சாயத்துத் தலைவர் குருவையா சிரிக்கிறார். வாஸ்துக்காரர் சொன்னாராம். மேல்நிலைத் தொட்டி கன்னி மூலையில்தான் நிற்க வேண்டுமாம். வாசல் பக்கம் வைத்தால் ஊருக்கு ஆகாதாம். எல்லாம் ஒரே காம்பவுண்டுதானே, அதான் உங்கள் ரிப்போர்ட் இருக்கிறதே என்கிறார்.

அவளுடைய ரிப்போர்ட்டைக் காட்டி அவள் வாயையே அடைக்கிறார்.

மண்ணைப் பார்த்துத்தான் அஸ்திவாரம். அஸ்திவாரத்தைப் போட்டுவிட்டு மண்ணைச் சமாதானப்படுத்தவா முடியும்?

அவள் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். பாதித் தூண்கள் கெட்டித் தரையில் நிற்கும், பாதி குப்பையில் நிற்கும். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் என்றால் நூறு டன். நிரப்பினால் குப்பைப் பக்கம் இறங்கும். தொட்டி அந்தப் பக்கம் சாயும்.

அந்தப் பக்கம் சத்துணவுக் கூடம்.

குருவையா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டாள். தலைவரை அனுசரித்துப் போம்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

அனுசரித்து. யாரை யார் அனுசரிப்பது? இந்தச் சேறு அனுசரிக்குமா?

நல்ல நேரம் போகிறது என்று குருவையா மேஸ்திரிக்குக் கை காட்டினார்.

முதல் சட்டி சரிந்தது. பள்ளத்துக்குள் நின்றவளின் புடவையில் கலவை தெறித்தது.

அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். அழுகை வரவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்க பேத்தி எங்க படிக்குது, தலைவரே?"

"அது டவுன்லம்மா." பெருமையாகத்தான் சொன்னார். "காலைல வேன் வந்துரும்."

இரண்டாவது சட்டியோடு வந்த சீனியம்மா பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டாள். உள்ளூர்க்காரி. பள்ளத்துக்குள் நின்றவளைப் பார்த்தாள். குருவையாவைப் பார்த்தாள்.

சட்டியைத் தன் காலடியிலேயே கவிழ்த்தாள்.

மேஸ்திரி கத்தினார். பின்னால் வந்தவளும் சட்டியைக் கீழே வைத்தாள். மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சீனியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நேரே சத்துணவுக் கூடத்துக்குள் போனாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனைத் தட்டோடு வெளியே கூட்டிவந்தாள்.