சூசையின் முகராசி

"பயப்படாத மங்கம்மா. என்னை மாதிரி ஆளே தனியாப் போய்ட்டு வந்தாச்சு. உனக்கு என்ன?" என்றார் சூசை.

பெங்களூரிலிருந்து அப்போதுதான் வந்து, போட்ட கோட்டோடு வாசற்படி ஏறியிருந்தார். காலையில் கிளம்பி, மகளைப் பார்த்துவிட்டு, சாயங்காலமே கிருஷ்ணகிரி திரும்பியாயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் அவர் தனியாக அவ்வளவு தூரம் போன முதல் பயணம். மனைவி ஆரோக்கியசெல்வி டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு மங்கம்மா நாளைக் காலையில் கிளம்ப வேண்டும். பெங்களூர் ஆஸ்பத்திரியில் அவள் மகனுக்கு ஆபரேஷன். கூட வர ஆளில்லை. ஓசூரைத் தாண்டி மைசூர் ராஜ்யத்துக்குள் அவள் காலடி வைத்ததே இல்லை.

"போகாமலே இருந்துடலாமான்னு இருக்குதுண்ணா" என்றபோது அவள் குரல் உடைந்தது.

"என் கதை தெரியாதா உனக்கு? கல்லாவியில சித்தப்பா மகன் கல்யாணம்னு போய், வேற யாரோ கல்யாணத்துல சாப்பிட்டு, மொய்யும் எழுதிட்டு வந்தவன் நான். குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போனாலே என்னைத் தேட ஒரு ஆள் பின்னால வரணும்."

"அப்புறம் எப்படிண்ணா போனீங்க?"

சூசை திண்டாடாமல் பதில் சொன்ன கேள்வி அவர் ஆயுளில் இது ஒன்றுதான்.

"யார்கிட்டயும் வழி கேக்காத. கேட்டா ஆளுக்கொண்ணு சொல்வாங்க. நீ பாட்டுக்கு நட. ஜனங்களே தேடி வந்து உதவுவாங்க. இங்க கண்டக்டர் அவராவே கூப்பிட்டு டிரைவர் பக்கத்துல உக்கார வெச்சாரு. ஓசூர்ல டீ குடிச்சிட்டு ஏதோ ஒரு பஸ்ஸுல ஏறப் போனேன். வெத்தலை விக்கிற அம்மா ஒருத்தி கூடையைப் போட்டுட்டு ஓடி வந்து, தெலுங்குல என்னமோ சொல்லி, கையைப் பிடிச்சு சரியான பஸ்ஸுல ஏத்திவிட்டா. பெங்களூர்ல போலீஸ்காரர் வண்டிங்களை நிறுத்தி என்னை ரோடு தாண்ட வெச்சாரு. அல்சூர்ல மக கதவைத் திறக்கிற வரைக்கும் ஜட்காக்காரன் நகரவே இல்ல. நான் வீட்டுக்குள்ள போனதும் மக ஒரே சிரிப்பு. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு."

"எதுக்குண்ணா அப்படி உதவுறாங்க?"

"நானும் வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். புத்தியால எனக்கு ஒண்ணும் நடக்காது, அது ஊருக்கே தெரியும். முகராசிதான். என் முகத்தைப் பார்த்ததுமே ஜனங்களுக்கு நல்லது செய்யத் தோணுது. உனக்கும் நல்ல முகம்தான். தைரியமாப் போ."

மங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. சூசைக்கு மனம் நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இன்றுதான் ஒரு மனுஷி அவரிடம் வழி கேட்டிருக்கிறாள்.

தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பினார். பிறகு, உள்ளேயிருந்து வந்த ஆரோக்கியசெல்வியிடம் மங்கம்மா சொல்வது கேட்டது.

"டீச்சரம்மா, எனக்கும் முதுகுல இதே மாதிரி ஒண்ணு தெச்சுக் குடுத்துடுங்க."

சூசை கோட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். முதுகில் தைத்திருந்த வெள்ளைத் துணியில், மனைவியின் முத்து முத்தான கையெழுத்தில், தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது: 'கிருஷ்ணகிரியிலிருந்து அல்சூர் போய்த் திரும்புகிறார். வழி தெரியும் என்பார். நம்ப வேண்டாம்.'