உயரம் பூஜ்யம்

குணபூசணியை ஒழித்துக்கட்ட ஒரு சைபர் போதும் என்பது யோகநாதனுக்கு மத்தியானம்தான் பிடிபட்டது.

கத்தி வேண்டாம், சண்டை வேண்டாம். மொட்டைக் கடிதம்கூட வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே அவளை இருந்த இடம் தெரியாமல் செய்துவிடலாம்.

கிள்ளானில் இருந்த அந்த லோரி கம்பெனிக்கு அவன் ஒருவன்தான் புரோகிராமர். காலையில் மேனேஜர் ராதாகிருஷ்ணன் அவனை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஒரு டிஸ்கெட்டை நீட்டியிருந்தார்.

"இதுல கொஞ்சம் பேரு இருக்கு, யோகா. சாயங்காலம் முதலாளி டத்தோ வராரு. ஸ்கிரீன்ல பார்த்து ஓகே சொல்லுவாரு. அவருக்குக் கண்ணு சரியில்ல, எழுத்து பெரிசா தெரியணும்."

"அப்ப வரியோட உயரத்தைக் கூட்டணும், சார். இல்லன்னா பெரிய எழுத்து உள்ள உட்காராது, தலை வெட்டிடும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாவே உயரம் வைக்கலாம்."

"என்னமோ செய். வெளியில மூச்சு விடாத." மேனேஜர் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "உன்கிட்ட இதைக் குடுக்க எனக்கு இஷ்டமே இல்ல. வேற ஆள் கிடையாது, அதான்."

யோகநாதனுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் புது ஆபீஸ் திறக்கப் போகிறார்கள், தேர்ந்தெடுத்த ஆட்களை மட்டும் கூடுதல் சம்பளத்தில் அங்கே அனுப்பப் போகிறார்கள் என்று வெகு நாளாகப் பேச்சு.

டிஸ்கெட்டைத் திறந்தான். முதல் பெயரே அவனுடையது. மேனேஜரின் மச்சினன் பாலனைத் தேடினான், இல்லை. சொந்த மச்சான் இருந்தும் பிரயோஜனமில்லாமல் போச்சே என்று சிரித்துக்கொண்டான்.

தன் பெயருக்கு அடுத்த பெயரைப் படித்ததும் சிரிப்பு நின்றது. கணக்குப் பிரிவு குணபூசணி.

அவன் எழுதிய புரோகிராம் ஒருமுறை இரண்டு லோரிகளை ஒரே சரக்குக்கு அனுப்பிவிட்டது. பழியை அவன் ஒரு டிரைவர் தலையில் கட்டினான். அவள்தான் பில்லையும் புரோகிராமையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தப்பு யாருடையது என்று எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுத்தாள். அன்று பட்ட அவமானத்தை அவன் மறக்கவே இல்லை.

அவள் வரியின் உயரம் என்ற இடத்தில் சைபர் போட்டான். திரையில் அவள் பெயர் மறைந்தது. மேலே உள்ள வரியும் கீழே உள்ள வரியும் ஒட்டிக்கொண்டன. நடுவில் ஒருத்தி இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

தன் வரியின் உயரத்தை மற்றவர்களைவிட இரண்டு மடங்காக்கினான். எழுத்தையும் பெருக்கினான்.

"சாப்பிடப் போகலையா, யோகா?" குரல் கேட்டுத் திரும்பினான். கையில் கறிபாப் பொட்டலத்தோடு குணபூசணியே நின்றாள். "பேன்ட்ரில இப்பல்லாம் காப்பித்தூள்கூட வாங்கிப் போடுறதில்ல. இதையாவது சாப்பிடுங்க."

"வேணாம். உங்க வேலையத்தான் பார்த்துட்டிருக்கேன்."

"என் வேலையா?"

"ஆமா லா. சாயங்காலம் தெரியும்."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். "அந்த டிரைவர் அண்ணன் விஷயத்துல இன்னும் கோபமா? பிள்ளைகுட்டிக்காரர், பாவம். நான் உள்ளதைத்தானே சொன்னேன்."

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் ஒரு கறிபாப்பை அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் டத்தோ தியாகராசா வந்தார். மேனேஜர் கையில் ஒரு கட்டுப் பழுப்பு உறைகளோடு அவர் பின்னால் நின்றார். யோகநாதன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினான்.

"ஆஹா. இப்பத்தான் தம்பி எனக்கு கம்ப்யூட்டர்ல ஏதோ ஒண்ணு படிக்க முடியுது," என்றார் டத்தோ. "எல்லாப் பேரும் இருக்கா? ஒண்ணும் விட்டுப் போகலையே?"

இந்தக் கேள்விக்காகத்தான் யோகநாதன் காத்திருந்தான். "ஸ்கிரீன்ல தெரியிறதுதான் லிஸ்ட், டத்தோ. வேற யாருமே இல்ல."

மேனேஜர் குனிந்து, பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு யோகநாதனை ஒரு விதமாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து அப்படி ஒரு கனிந்த பார்வை அவனுக்குக் கிடைத்ததில்லை.

"ஆமா, டத்தோ. இவ்வளவுதான்," என்றார். கட்டிலிருந்து ஓர் உறையை மட்டும் உருவி, சத்தமில்லாமல் தன் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

அது யாருடைய உறை என்று யோகநாதனுக்குத் தெரிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குணபூசணி தலை குனிந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவன் நெஞ்சு குளிர்ந்தது.

"யாருக்கு முதல்ல குடுக்கலாம், டத்தோ?" என்று கேட்டார் மேனேஜர்.

டத்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரையும்விட உயரமாக நின்ற முதல் வரியின் மேல் விரலை வைத்தார்.

"வேலைய விட்டு நிறுத்துறத இந்தப் பெரிய பேருலேருந்தே ஆரம்பிங்க."