சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

மெயின் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். தலையில் ஒரு எலுமிச்சம்பழம். மொத்த ஆபீசிலும் நெட் இல்லை.

புக்கிட் பெருவாங் செம்பனை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ரங்கசாமிக்கு ரத்தம் கொதித்தது. புது விதை ரகத்தின் ரகசியமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். தலைமையகத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன்.

"யார் லைனைப் பிடுங்கினது?"

"நான்தான் சார்," என்றான் ரவீந்திரன். போன மாதம்தான் கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்த கம்ப்யூட்டர் ஆள். "ஆயுத பூசை. இன்னிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கணும்."

"எங்கப்பாவும்தான் ரப்பர் மரம் சீவுற கத்திக்குப் பூசை போட்டாரு. அது கத்தி லா. இது என்ன கித்தா தோட்டமா? பொட்டுகூட நேரா வைக்கத் தெரியல, பக்தி வேற."

ரவீந்திரன் எலுமிச்சம்பழத்தை நகர்த்தி நேராக வைத்தான். இந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது, எச்சரிக்கைக் கடிதம் உண்டு என்று அங்கேயே தீர்ப்பு. மத்தியானத்துக்குள் ஆபீசில் அவனுக்குப் 'பூசாரி' என்று பேர் விழுந்துவிட்டது.

ஐந்து மணிக்கு எல்லோரும் போனபின் சுரேகா தயங்கித் தயங்கி வந்தாள். விதைப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் மேஜைக்கடியில் இருந்த மோடம் இப்போது ரவீந்திரன் கையில்.

ஆபீஸ் ஃபில்டர் இன்டர்நெட் சாட்டிங்கை அடைத்து வைத்திருந்தது. அதைத் தாண்டிப் போக, மேஜை ஃபோன் லைனில் யாருக்கும் தெரியாமல் இந்த மோடத்தை மாட்டியிருந்தாள். அந்த வழியாகத்தான் இன்று காலையில் எவனோ வெளியாள் நுழைந்து, விதை ஃபைல்களின் வாசல்வரை வந்துவிட்டான்.

"எதையாச்சும் எடுத்துட்டானா அண்ணே?"

"அதுக்குள்ள எல்லாத்தையும் அணைச்சுட்டேன். பாஸ்வேர்டெல்லாம் மாத்தியாச்சு."

"என் கம்ப்யூட்டரை மட்டும் அணைச்சிருக்கலாமே. நீங்க ஏன் பேச்சு வாங்கணும்?"

"உன்னுது மட்டும் நின்னா ஏன்னு கேட்பாங்க. இன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க." மோடத்தை அவளிடம் நீட்டினான். "சாட் பண்ணணும்னா இனிமே சைபர் கஃபேக்குப் போ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் சீட்டியடித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

வீட்டில் கதவைத் திறந்த மனைவி திரேசா அவன் விரல்களைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னப்பா இது, கையெல்லாம் குங்குமம்? கழுவிட்டு வாங்க. ஏழு மணிக்குச் சர்ச்சுல நீங்கதானே ஆர்கன் வாசிக்கணும்."