குணமாகக் கூடாத எண் ஏழு

“இன்னும் ஒரே ஒரு மாசம், பிரமிளா. அதுவரைக்கும் எண் ஏழு குணமாகக் கூடாது” என்றார் பேராசிரியர் மீரா சாகிப்.

ஜார்ஜ் டவுனில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது; எண்தான். எண் ஏழு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர். உடம்பு அதைத் தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். மற்றவர்களை மூன்று நாள் வாந்தி பேதியோடு விட்டுவிடும் வைரஸ், அவர் குடலில் பதினோரு மாதமாகக் குடியிருந்தது. வாராவாரம் அவருடைய மலத்தைச் சோதித்து, அந்த வைரஸ் எப்படியெல்லாம் உருமாறுகிறது என்று குறித்துவைப்பது பிரமிளாவின் வேலை. குறித்துக் குறித்து அவளுக்கே மனசு விட்டுப்போயிருந்தது.

“பதினாலு கிலோ இறங்கிட்டாரு புரோஃப். மாத்திரையக் கொஞ்சம் குறைச்சா உடம்பே வைரஸை விரட்டிடும்னு கிட்னி டாக்டர் சொல்லிட்டாரு. நீங்கதான் வேணாங்கிறீங்க.”

“இதுவரைக்கும் எத்தனை மாற்றம்?”

“முப்பத்தொண்ணு.”

பேரனுக்குப் பல் முளைத்த சேதி கேட்டவர்போல மீரா சாகிப் முகம் மலர்ந்தார்.

“பன்னண்டு மாசம் முழுசா இருந்தாத்தான் கட்டுரைக்கு மதிப்பு. சியோல் மாநாட்டுல பேச இடம் கொடுத்துட்டாங்க. பதினோரு மாசத்தோட போய் நின்னா எவன் கேப்பான்?”

“பாயான் பாருவிலேருந்து வேலைக்குக் கெரேத்தா ஓட்டிட்டு வர்றதுக்குள்ள டாய்லெட்டுக்காக மூணு பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்துறாராம். அவரு வீட்டுக்காரம்மா காலையில ஃபோன் பண்ணி அழுதாங்க.”

“அந்தம்மாவுக்கு ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியாது லா.”

“அவங்க கொடுத்த கிட்னி, புரோஃப். இப்படியே தண்ணி வத்திப்போனா அதுவும் கெட்டுடும்னு பயப்படறாங்க. கொடுக்கறதுக்கு அவங்ககிட்ட இன்னொண்ணு இல்ல.”

மீரா சாகிப் மேசைமேல் இருந்த சம்மதப் படிவத்தைத் தட்டிக் காட்டினார்.

“நோயாளி சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரு. குறுக்க நிக்க நாம யாரு?”

“நோயாளிக்குப் புத்தி கெட்டுப்போச்சு” என்றாள் பிரமிளா, அவரை நேராகப் பார்த்து. “இந்த வாரத்து மல மாதிரியக்கூட இன்னும் கொடுக்கல.”

பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ‘எண் ஏழு’ என்று ஒட்டியிருந்த காலி டப்பாவை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார்.