நிலாவெளிக் காணி வசந்தினிக்கு

‘கடைசியிலும் வசந்தினிதானா உங்களுக்கு?’ என்று இரத்தினேஸ்வரி மனதுக்குள் கேட்டாள். பதில் சொல்லவேண்டிய கணவர் தங்கரத்தினம் செத்து நாற்பது நாளாகிவிட்டது.

சட்டத்தரணி ஷிஃபானா மரண சாசனத்தை மறுபடியும் வாசித்தாள். “‘எனது வள்ளமும் எஞ்சினும் தம்பி கோணாமலைக்கு. நிலாவெளிக் காணி வசந்தினிக்கு.’ அவ்வளவுதான்.”

கோணாமலை கதிரை அதிரச் சிரித்தான். “வள்ளத்துக்குக் காணி எழுதின ஆள் திருகோணமலையில எங்கட அண்ணன் ஒராள்தான். இனி அதுக்கு அடையாள அட்டையும் எடுக்கவேணும்!”

“பகிடி விடாதேங்கோ சித்தப்பா,” என்றாள் கஜந்தினி. ஆனாலும் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

இரத்தினேஸ்வரிக்கு வரவில்லை. சேலைத் தலைப்பை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். செத்தவீட்டன்றுகூட அசந்து தூங்கியவள் அவள். எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்குக்கு ஊர் வந்து போன பிறகுதான் நித்திரை இல்லாமற் போனது.

பதினாறு வருடங்களுக்கு முன் வள்ளம் வாங்கிய கையோடு, தங்கரத்தினம் தானே குந்தியிருந்து அதன் முகப்பில் நீலப் பூச்சால் அந்தப் பெயரை எழுதினார். “ஆர் இந்த வசந்தினி?” என்று அவள் கேட்டதற்கு, “ஏன், வள்ளத்துக்கு ஒரு பேர் வேண்டாமே?” என்றார்.

வள்ளம் இறக்கக்கண்டிக் கரையில் நின்றது. வாரத்தில் பாதி நாள் அவரும் அங்கேதான். மற்றப் பூச்செல்லாம் உதிர்ந்துபோனாலும் பெயர் மட்டும் ஒவ்வொரு வருடமும் புதிதாக இருக்கும். தன்னுடைய பெயர் நீளம், எழுத இடம் போதாது என்று அவள் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

“வள்ளம் ஏத்தி வைக்கத்தான் அந்தக் காணியை நினைச்சு எழுதியிருக்கார் போல,” என்றாள் ஷிஃபானா. “ஆனா வள்ளம் ஒரு சாமான். அதுக்குக் காணி எழுத ஏலாது. வசந்தினி எண்டு ஆள் இல்லையெண்டு நீங்க ஒரு சத்தியக் கடதாசி தந்தாப் போதும்மா. அந்த வரி செல்லாமப் போகும். காணி உங்களுக்கும் மகளுக்கும் வரும்.”

“எப்ப வரும்?” கஜந்தினி கதிரை நுனிக்கு வந்துவிட்டாள். “தைக்குள்ள அத்திவாரம் போடாட்டி மாப்பிள்ளை வீட்டில வேற இடம் பார்ப்பினமாம். மூண்டு தரம் சொல்லிப்போட்டினம்.”

“புதன்கிழமை வழக்குக் கூப்பிடுவாங்க. கடதாசி கையில இருந்தா அண்டைக்கே சொல்லலாம்.”

மகளுக்கு இருபத்தொன்பது வயது. அந்தக் காணியில் எந்தப் பக்கம் குசினி, எந்தப் பக்கம் கிணறு என்று அவள் கொப்பியில் கீறி வைத்திருந்ததை இரத்தினேஸ்வரி பார்த்திருக்கிறாள். தாய்க்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரத்தினேஸ்வரி எழுந்து ஜன்னலருகே போனாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்ட இடத்திலேயே மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்ததைக் குடிக்கவில்லை.

“உங்களுக்கு என்ன செய்யுது மச்சாள்?” என்றான் கோணாமலை. “ஒரு கையெழுத்துத்தானே. வள்ளம் வந்து கோட்டில உங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லப்போகுதே?”

ஷிஃபானா தாளை நகர்த்தி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “ஒருக்கா வாசிச்சுப் பாருங்கம்மா. சத்தியம் பண்ணி எழுதுறது.”

‘வசந்தினி என்ற பெயருடைய எவரையும் நான் அறியேன்’ என்று இருந்தது. இரத்தினேஸ்வரி அந்த ஒரு வரியை நெடுநேரம் வாசித்தாள். பேனையின் முனை தாளுக்குச் சற்று மேலே நின்றது. பிறகு மூடியைத் தேடியெடுத்துப் பேனையை மூடினாள்.

“எனக்கு ஏலாது.”

“அம்மா!” கஜந்தினி தாளை மறுபடி தாயின் பக்கம் தள்ளினாள். “அப்பாவின்ர வள்ளத்தைத் தவிர வேற ஆரம்மா வசந்தினி?”

இரத்தினேஸ்வரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சேலைத் தலைப்பை ஓயாமல் மடித்த விரல்கள் இப்போது அசையவில்லை.

“எட்டுச் செலவண்டு படலையடியில நிண்டு, என்னைப் பெரியம்மா எண்டு கூப்பிட்டவள்.”