மூன்றாவது உருண்டை

மிக்ஸிக்கு அடியில் பழைய துண்டை நான்காக மடித்துப் போட்டு, சமையலறைக் கதவையும் சாத்திக்கொண்டாள் கிறிஸ்டி. மணி ஐந்தரை. சத்தம் ஹாலுக்குப் போனால் காரியம் கெட்டுவிடும்.

ஒரு காரட், அரை பீட்ரூட், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. வேகவைத்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்து, விழுதாக அரைத்தாள். அதைச் சிக்கன் கைமாவில் போட்டு, பொட்டுக்கடலை மாவும் சோம்பும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிசைந்ததும் காய் போன இடம் தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் கண் எரிந்தது. சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள்.

இத்தனையும் மாமனார் வேதசிரோமணிக்காக. எழுபத்திரண்டு வயது. சர்க்கரை இருக்கிறது, காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனிதரோ மூன்று மாதமாகக் காயைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறார்.

அதுவும் எப்போது ஆரம்பித்தார்? கிண்டி ஆபீசுக்கு ஓடுகிற அவசரத்தில் கிறிஸ்டி தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் மயங்கி விழுந்து, ரத்தம் குறைவு என்று மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்பிய அதே வாரத்தில். தனக்கே முடியாத நேரம் பார்த்துப் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று அன்றைக்கே அவளுக்கு மனசு விட்டுப்போனது.

கணவன் லாசரஸுக்கு ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். "வயசானவரு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பான். அதோடு சரி.

ஏழு மணிக்குப் பணியாரச் சட்டியிலிருந்து உருண்டைகளை எடுத்துத் தட்டில் அடுக்கி, ஹாலுக்குக் கொண்டுபோனாள். வேதசிரோமணி பேப்பரை மடித்து வைத்தார். ஒரு உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காய் ஏதாவது போட்டியா?"

"சுத்தமான சிக்கன் மாமா."

"அப்ப நீ மொதல்ல சாப்பிடு."

தினமும் இதே விசாரணைதான். கிறிஸ்டி ஒன்றை எடுத்து நின்றபடியே வாயில் போட்டாள்.

"உக்காந்து சாப்பிடு. நின்னுகிட்டு அவசரமா முழுங்கினா எனக்கெப்படித் தெரியும்?"

உட்கார்ந்தாள். இரண்டாவது உருண்டை.

"இன்னொண்ணு. ஒண்ணுல இல்லன்னா இன்னொண்ணுல இருக்கும்."

மூன்றாவதையும் மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டாத குறையாக அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவர் கை தட்டுக்குப் போனது.

தலை வாரி, டிபன் பாக்ஸ் கட்டி, செருப்பை மாட்டும்போது மணி எட்டைத் தாண்டியிருந்தது. வழக்கமான ரயில் போயிருக்கும். அடுத்ததில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஆபீசில் மேனேஜர் இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாயிற்று.

செருப்போடு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் முடியாது என்று தோன்றியது. போனை எடுத்து, பொழிச்சலூரில் இருக்கும் நாத்தனார் ரோஸியைக் கூப்பிட்டாள்.

"ரோஸி, ஒரு ரெண்டு மாசம் மாமாவ உங்க வீட்ல வச்சுக்கிறியா? எனக்கு உடம்பு தாங்கல."

"இதுக்கு ஏன் அண்ணி இவ்ளோ தயங்குறீங்க? இன்னிக்கே அனுப்புங்க. அப்பாவால எனக்கு என்ன தொந்தரவு?"

"சாப்பாடுதான் கஷ்டம். காயே தொடமாட்டாரு."

"யாரு, அப்பாவா?" ரோஸி சிரித்தாள். "போன சனிக்கிழமை இங்க வந்தாரே. வாழைத்தண்டுப் பொரியல ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. கீரைக்கூட்டு மிச்சமே வைக்கல."

கிறிஸ்டி செருப்பை உதறினாள். "அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ரோஸி வீட்ல வாழைத்தண்டு சாப்பிட்டீங்களாமே மாமா?"

வேதசிரோமணி நிமிர்ந்து பார்த்தார். மறுக்கவில்லை. "ஆமா, சாப்பிட்டேன்."

"அப்ப நான் என்ன பைத்தியக்காரியா? மூணு மாசமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து, உங்களுக்குத் தெரியாம வேகவச்சு, அரைச்சு..." அவள் டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தாள். "சொல்லிடறேன். அந்த உருண்டை எல்லாத்துலயும் காய்தான். ஒரு நாள்கூட வெறும் சிக்கன் போட்டதில்ல."

"மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சேவா இந்தப் பாடு படுத்தினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீ அஞ்சு மணிக்கே எழுந்துப்பேன்னு நான் நெனைக்கல. அது என் தப்புதான். நாளைலேர்ந்து நானே வேகவச்சுப் பிழிஞ்சு வைக்கறேன்."

"உங்களுக்குத்தான் காய் பிடிக்குமே. அப்புறம் எதுக்கு இந்த உருண்டை?"

"ரத்தம் ஏற நல்லா சாப்பிடுன்னு உனக்கு டாக்டர் சொன்னாரு, லாசரஸ் சொன்னான், நானும் எத்தனையோ தடவ சொல்லிப் பார்த்தேன். டைம் இல்ல, டைம் இல்லன்னு வெறும் டீயக் குடிச்சிட்டு ஓடின." அவர் மீதி உருண்டைகள் இருந்த தட்டை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்தக் காயெல்லாம் உனக்குத்தாம்மா."