ஏழாம் இயந்திரம்

பனி அப்பிய கண்ணாடி வழியாக பஃபலோ நகரத்தின் நாலு மணி வெயில் எங்கள் நாடக அரங்கின் முன்கூடத்துக்குள் விழுகிறது. நன்கொடை நின்றுபோனதும் இங்கே பன்னிரண்டு சலவை இயந்திரங்களை வைத்தோம். தெருக்காரர்கள் துவைக்கிறார்கள், அந்த வருமானத்தில் நாங்கள் நடிக்கிறோம். சூடு இருப்பதும் இந்த ஒரு இடத்தில்தான் என்பதால் ஒத்திகையும் இங்கேயே. வீட்டை விட்டுக் கிளம்பும் மகனிடம் தாய் சொல்லும் கடைசி வசனத்தை, தாயாக நடிக்கும் டெல்ஃபின் தொடங்குகிறாள். கையில் அவன் சட்டை. அதே நேரம் ஏழாம் இயந்திரம் துணி பிழியத் தொடங்க, தரை அதிர்கிறது, வசனம் மூழ்கிப்போகிறது. பிழிந்து முடியும்வரை அசையாமல் நிற்பது எங்கள் வழக்கம், நிற்கிறாள். "கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேம்மா," என்கிறார் பெஞ்சில் காலுறைகளை ஜோடி சேர்க்கும் வாண்டா. செவ்வாய்தோறும் துவைக்க வருபவர். ஒரு நாடகத்துக்கும் வந்ததில்லை. "கத்துனா திட்டுற மாதிரி ஆயிடும் அக்கா," என்கிறாள் டெல்ஃபின். வாண்டா காலுறைகளை ஒதுக்கிவிட்டு எழுந்து போய் ஏழாம் இயந்திரத்தை நிறுத்துகிறார். உள்ளே அவருடைய போர்வைகள் தண்ணீரோடு தொப்பென்று சரிகின்றன. "மூணு வாரமா கதை இந்த எடத்துலயே நிக்குது. இப்போ சொல்லு, அவ அவனைப் போக விடுறாளா, இல்லையா?"